கஸ்தூரி அடங்கிக் கிடந்த நாட்கள்

என் மகள் கஸ்தூரிக்கு என்ன மருந்து கொடுத்தோம் என்று கேட்டு இன்றைக்கும் ஆட்கள் வீடு தேடி வருகிறார்கள். போன வாரம் பந்தல்குடியிலிருந்து ஒருவர் வந்தார். அவர் கூட்டி வந்த பையன் வாசலில் நின்ற என் சைக்கிளின் மணியைக் கழற்றிக்கொண்டிருந்தான். நான் நடந்ததைச் சொல்லத் தொடங்கியதுமே அவர் இடைமறித்தார்.

"சார், அம்புட்டுக் கதையும் எதுக்கு? அந்த மருந்துப் பேரை மட்டும் ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க. நான் மதுரைல வாங்கிக்கிடுறேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. தூக்கம் கெட்டு, உறவுக்காரர்களின் புத்திமதியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன முகம். சில வருஷங்களுக்கு முன் நானும் அதே முகத்தோடு, அதே சீட்டைக் கேட்டு அலைந்தேன். அப்படி ஒரு சீட்டு எங்கேயும் இல்லை. என்னிடம் இருப்பது கதை மட்டும்தான். வருகிறவர்கள் எல்லோரிடமும் முதலிலிருந்து சொல்லத் தெம்பில்லை என்பதால் எழுதி வைக்கிறேன்.

நான் திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியன். மனைவி இராஜாத்தி. கஸ்தூரி எங்களுக்கு மூத்தவள். இது நடந்தபோது அவளுக்கு ஏழு வயது, அவள் தம்பி கைக்குழந்தை.

கஸ்தூரி நடக்கப் பழகவேயில்லை, நேரே ஓடத்தான் பழகினாள் என்று இராஜாத்தி சொல்வாள். சோற்றில் கை வைத்தால் இரண்டாவது கவளத்துக்குள் எழுந்து கோழியை விரட்டப் போயிருப்பாள். தண்ணீர் இறைக்கச் சொன்னால், வாளி பாதி மேலே வரும்போது ஒரு காக்கையைப் பார்த்துவிட்டுக் கயிற்றை விட்டுவிடுவாள். எங்கள் வீட்டு வாளிகள் பல அந்தக் கிணற்றுக்குள்தான் கிடக்கின்றன. பள்ளிக்கூடத்தில் அவள் பக்கத்து வகுப்பு. நடுவில் ஒரு தட்டி மறைப்பு. "கஸ்தூரி, உக்காரு", "கஸ்தூரி, எங்க போற?" என்று அந்த வகுப்பு டீச்சர் போடும் சத்தம் நாளெல்லாம் தட்டியைத் தாண்டி வரும். நான் சாக்பீஸைப் பிடித்தபடி பாதிக் கணக்கில் நின்றுவிடுவேன். என் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

பொல்லாத பிள்ளை இல்லை அவள். யாரையும் அடிக்க மாட்டாள். பொய் சொல்ல மாட்டாள். வைதால் மனசு நொந்து அழுவாள். "இனிமே செய்ய மாட்டேம்ப்பா" என்பாள். கண்ணீர் காய்வதற்குள் அதையே மறுபடி செய்துவிட்டு, தானே திகைத்து நிற்பாள். வேண்டுமென்று செய்கிற பிள்ளையைத் திருத்திவிடலாம். தன் கையும் காலும் தன் பேச்சையே கேட்காமல் விழிக்கிற பிள்ளையை என்ன செய்வது?

ஊரில் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். காலில் சூடு போடு என்றார்கள். மந்திரித்த கயிறு கட்டினார்கள், அதை அவள் அவிழ்த்துக் கன்றுக்குட்டியின் கழுத்தில் கட்டினாள். பெண் பிள்ளை என்பதால் பேச்சில் கூடுதல் காரம் இருந்தது. "இவளை எவன் வீட்டுல வச்சுப் பொழைப்பான்?" என்று ஏழு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டே கேட்டார்கள்.

அருப்புக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் என்னிடம் பேசிக்கொண்டிருக்கையில் அவருடைய சுழல் நாற்காலியைக் கஸ்தூரி சுற்றிவிட்டாள். அத்தோடு பரிசோதனை முடிந்தது. "நரம்பு அதிகமா வேலை செய்யுது. ஓய்வு குடுத்தாச் சரியாயிரும்" என்று மாத்திரை எழுதினார். வலிப்புக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கிற மாத்திரை அது. பெரியவர்களை அசத்துகிற அந்த மருந்து சில பிள்ளைகளை நேர்மாறாக முடுக்கிவிடும் என்பதை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அதைச் சாப்பிட்ட நாட்களில் கஸ்தூரி கஸ்தூரியாக இல்லை. காரணமில்லாமல் அழுதாள், தம்பியின் தொட்டிலைப் பிடித்து உலுக்கினாள், தூக்கம் வராமல் கண் சிவந்து கிடந்தாள். திரும்பப் போய்ச் சொன்னேன். அளவு பற்றவில்லை என்று கூட்டி எழுதினார்.

"டாக்டர், இதைச் சாப்பிட்ட பிறகுதான் இப்படி ஆகுது" என்றேன்.

"நீங்க வாத்தியாரா, டாக்டரா?" என்று கேட்டார்.

அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிடுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அப்புறம் அங்கே போகவில்லை.

இந்த நிலையில்தான் இராஜாத்தியின் அண்ணன் சங்கையா ஒரு வழி கொண்டுவந்தார். காரியாபட்டிக்கு அப்பால் ஓர் இயற்கை வைத்தியர், ஊசி இல்லை, மாத்திரை இல்லை, உணவே மருந்து. நாங்கள் மூவரும் கஸ்தூரியைக் கூட்டிக்கொண்டு போனோம். வைத்தியர் நல்ல மனுஷர். எங்களிடம் எதுவும் வாங்கவில்லை. பிள்ளையின் தலையைத் தடவி அன்பாகப் பேசினார். தான் சொன்னதை அவரே முழுதாக நம்பினார். வந்த வினையே அதுதான்.

உடம்பில் சேர்ந்த கழிவுதான் பிள்ளையை ஆட்டுகிறது என்றார். உப்பு, புளி, காரம் கூடாது. அரிசியும் கம்பும் கேழ்வரகும் கழிவைக் கூட்டும். முட்டையும் கறியும் மனசைக் கலைக்கும். பயறு வாயு. பால் மந்தம். எல்லாம் கழிந்த பின் மிஞ்சியவை தேங்காய், வாழைப்பழம், வெள்ளரிப்பிஞ்சு, தேன் கலந்த தண்ணீர். கண்மாய் காய்ந்து வெடித்துக் கிடந்த வருஷம் அது. வெள்ளரிப்பிஞ்சுக்கு நான் எங்கே போவேன்? ஆனாலும் போனோம். சங்கையா மச்சான் பஸ்ஸுக்கு பஸ் ஏறிப் பழம் கொண்டுவந்தார். மதியம் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் கோதுமை ரவை உப்புமாவுக்கு வரிசையில் நிற்கும்போது, கஸ்தூரி வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு அவர்களின் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கொஞ்ச நாளில் ஓர் அதிசயம் நடந்தது. கஸ்தூரி உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தாள் என்றால், மணி அடித்ததிலிருந்து பள்ளி விடும்வரை வைத்த இடத்தில் இருந்தாள். தட்டிக்கு அந்தப் பக்கம் அவள் பெயரைக் கூப்பிடும் சத்தமே இல்லை. டீச்சர் என்னிடம் வந்து, "சார், பிள்ளை தங்கமாயிட்டா" என்றார். தெருவில் நிறுத்திக் கேட்டார்கள். "பாத்தீகளா மாப்ளே, நான் சொன்னேன்ல!" என்று மச்சான் என் தோளைத் தட்டினார். எனக்கும் நெஞ்சு நிறைந்திருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு கணக்கை முழுசாகப் போட்டு முடித்தேன்.

முதலில் சந்தேகப்பட்டவள் இராஜாத்தி.

"ஏங்க, இவ அடங்கல. அசந்து கெடக்கா" என்றாள். "முந்தி காக்காயப் பாத்தா வாளிய விட்ருவா. இப்ப தலையில வந்து உக்காந்தாலும் திரும்ப மாட்டேங்கிறா."

"ஏத்தா, ஆடுனாலும் தப்பு, அடங்குனாலும் தப்பா?" என்று மச்சான் சிரித்தார்.

அந்த வாரமே ஒரு காலை, பள்ளி இறைவணக்கத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்த கஸ்தூரி, அப்படியே மடங்கி விழுந்தாள். உதடு வெளுத்திருந்தது. கையைத் தூக்கினேன், துணிபோல் தொங்கியது.

மதுரைக்குப் போகும் பஸ்ஸில் அவளை மடியில் கிடத்திக்கொண்டேன். வழக்கமாக அந்தப் பஸ்ஸில் ஏறினால் அவள் டிரைவர் பக்கம் ஓடி ஆரனை அமுக்குவாள். கண்டக்டருக்கு அவளைத் தெரியும். "என்ன சார், இன்னைக்கு ஆரன் சத்தத்தக் காணோம்?" என்று கேட்டபடி வந்தவர், மடியில் கிடந்தவளைப் பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழிக்காமலே கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் முன்னால் போய், வழியில் நிறுத்தம் குறைக்கச் சொல்லி டிரைவரிடம் பேசினார். காரியாபட்டிச் சந்தைக் கூட்டத்தில்கூட நாலு பேரை ஏற்றியதும் விசில் கொடுத்துவிட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகள் வரிசை கட்டடத்தைச் சுற்றி நின்றது. சீட்டு வாங்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, இரத்தம் கொடுக்க ஒரு வரிசை. ஒவ்வொரு ஜன்னலிலும் அடுத்த ஜன்னலுக்குப் போகச் சொன்னார்கள். ஓடுகிற பிள்ளையோடு வரிசையில் நிற்பதை நினைத்து எத்தனையோ தடவை இந்தப் பயணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறோம். அன்றைக்கு அவள் ஓடவில்லை. ஒரு தடவை ஓடமாட்டாளா என்றிருந்தது.

குழந்தைகள் பிரிவில் எங்களைப் பார்த்தவர் ஓர் இளம் டாக்டரம்மா. கஸ்தூரியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகங்களைத் திருப்பிப் பார்த்தார். நகம் ஒவ்வொன்றும் கரண்டிபோல் குழிந்திருந்தது. அதுவரை நாங்கள் அதைக் கவனித்ததில்லை.

"மண்ணு, சாம்பல், சிலேட்டுக் குச்சி, இப்படி ஏதாவது தின்பாளா?"

"சிலேட்டுக் குச்சிதான் டாக்டர். ஒரு டப்பா வாங்கினா ஒரு நாள் தாங்காது. சேட்டையில திங்கிறான்னு நெனச்சோம்."

"சேட்டை இல்ல. இரத்தத்துல இரும்புச் சத்து குறைஞ்சா அப்படித் தின்னச் சொல்லும்."

பரிசோதனை முடிவு வந்தது. கடுமையான இரத்தசோகை. கூடவே குடலில் கொக்கிப் புழு. வெறுங்காலோடு மண்ணில் திரியும்போது பாதத்தின் வழியே உடம்புக்குள் ஏறி, குடலில் கொக்கிபோல் மாட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிற சின்னப் புழு. அது வெகுநாளாக உறிஞ்சிக்கொண்டிருந்தது. இழந்த இரத்தம் ஊறுவதற்கு வழியில்லாமல் பருப்பு, கீரை, கறி எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தோம். பத்தியத்தைப் பற்றி நான் சொல்லச் சொல்ல டாக்டரம்மாவின் பேனா நின்றுவிட்டது.

"பிள்ளை அமைதியாயிட்டான்னு சந்தோஷப்பட்டீங்களா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. நம்ப முடியாமல் கேட்டார்.

உடனே படுக்கையில் சேர்த்தார்கள். ஒரு பாட்டில் இரத்தம் வேண்டும் என்றார்கள். என் இரத்தம் அவளுக்குச் சேர்ந்தது. கம்பியில் தொங்கிய பாட்டிலைக் கஸ்தூரி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது யாரு ரத்தம்ப்பா?"

"என்னோடதுதான்."

"வாத்தியார் ரத்தம்ல? இனிமே எனக்குக் கணக்கு வருமா?"

அவள் கண்ணில் படாமல் முகத்தைத் துடைத்துக்கொள்ள நான் வராந்தாவுக்குப் போக வேண்டியிருந்தது.

வராந்தாதான் எனக்கு விதிக்கப்பட்ட இடம். குழந்தைகள் வார்டில் தாய்மார்தான் தங்கலாம். கைக்குழந்தையை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் இராஜாத்தி ஊரில் இருந்தாள். "ஆம்பளை ஆளு உள்ள நிக்கக் கூடாது" என்று ஆயா என்னை விரட்டுவார். நான் வெளியே போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "ஜன்னலை மறைக்காதய்யா, காத்து வரட்டும்" என்று அங்கேயும் விரட்டுவார். பிள்ளைக்குத் தகப்பன் என்றால் ஊருக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும், பக்கத்தில் மட்டும் இருக்கக் கூடாது.

பக்கத்துக் கட்டிலில் முத்துப்பேச்சி என்ற காரியாபட்டிக்காரப் பெண் தன் மகனோடு இருந்தாள். அவனுக்கு மூட்டுகள் வீங்கி இதயத்தைத் தாக்குகிற காய்ச்சல். அசையவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் கேட்காமலே அவள் கஸ்தூரிக்குத் தலை சீவி, உடம்பு துடைத்து, கஞ்சி ஊட்டினாள். "நீங்க போயி ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு வாங்கண்ணே. நான் பாத்துக்கிடுறேன்" என்பாள். வீட்டிலிருந்து இராஜாத்தி சோறு கட்டி எங்கள் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவாள். அவர் வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டுத் தூக்குச்சட்டியோடு நடந்தே வந்து கொடுத்துவிட்டுப் போவார்.

புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள். இரும்புச் சத்துத் திரவம் கொடுத்தார்கள், அது பல்லைக் கறுப்பாக்கும், மலமும் கறுக்கும், பயப்படக் கூடாது. பருப்பு, முட்டை, கீரை எல்லாம் திரும்ப வந்தன. உப்புப் போட்ட பருப்புச் சாதத்தைக் கஸ்தூரி வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு மென்றதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

கன்னத்தில் கொஞ்சம் நிறம் ஏறியது. ஒருநாள் காலை நான் வந்தபோது கட்டில் காலி. அவள் வார்டின் அந்தக் கோடியில் ஒரு தள்ளுவண்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள். முத்துப்பேச்சி மகனுக்கு வேடிக்கை காட்டுகிறாளாம். எனக்குச் சந்தோஷமும் கலக்கமும் ஒன்றாக வந்தன.

"ஓட ஆரம்பிச்சிட்டாளா? நல்லது" என்றார் டாக்டரம்மா.

வார்டுக்கு அது நல்லதாக இல்லை. அவள் மருந்துத் தட்டுகளைத் திறந்து பார்த்தாள். கட்டில் கட்டிலாக ஏறினாள். இரண்டு நாள் கழித்து நான் வந்தபோது, அவள் வலது கையைக் கட்டுத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். கஸ்தூரி அழவில்லை. முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் விதியெல்லாம் மறந்து உள்ளே போய் முடிச்சை அவிழ்த்தேன். நர்ஸ் ஓடி வந்தார்.

"அவுக்காதீங்க! மத்தப் பிள்ளைகளுக்கு ஏறுற பாட்டிலைத் தட்டிவிட்டா யாரு பொறுப்பு? இத்தனை பிள்ளைகளை நான் ஒருத்தி பாக்குறேன்."

"கட்டிப் போட்டுப் பாக்குறதுக்கு நான் ஊர்லயே கட்டியிருப்பேனே, சிஸ்டர்."

"அப்ப நீங்களே வந்து உக்காந்து பாருங்க!"

"அதைத்தான நானும் கேக்குறேன். உள்ள விடுங்கன்னுதான கேக்குறேன்!"

வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸின் கண்ணில் தண்ணீர் நின்றது. அவர் பக்கமும் நியாயம் இருந்தது. இரண்டு பேர் வேலையை ஒருவர் செய்துகொண்டிருந்தார். டாக்டரம்மா வந்து விசாரித்து, கடைசியில் எனக்குப் பகலில் உள்ளே இருக்க அனுமதி வாங்கிக் கொடுத்தார். முத்துப்பேச்சிதான் மற்றத் தாய்மார்களிடம் பேசிச் சம்மதிக்க வைத்தாள்.

அனுமதி கிடைத்த பிறகுதான் பெரிய டாக்டர் மாணவர்களோடு வந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கஸ்தூரியைச் சுற்றி நின்று ஆங்கிலத்தில் பேசினார்கள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் 'மூளை', 'சேதம்' என்ற இரண்டு சொற்கள் மட்டும் பிடிபட்டன. கேட்க வாயெடுப்பதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள். மறுநாள் டாக்டரம்மா வந்து, அது வெறும் பேர்தான், சோதனை முடியட்டும் விளக்குகிறேன் என்று சொல்லும்வரை அந்த இரண்டு சொற்களோடு நான் தனியாகக் கிடந்தேன். ஒரு நிமிஷம் நின்று தமிழில் சொல்லியிருக்கலாம்.

மயங்கி விழுந்தது வலிப்பாக இருக்குமோ என்று பார்க்க ஒரு சோதனை எழுதியிருந்தார்கள். தலையில் பசை தடவி, ஒயர்களை ஒட்டி, மூளையின் மின்னோட்டத்தைத் தாளில் கோடு கோடாக எழுதுகிற இயந்திரம். வலிக்காது. ஆனால் அசையாமல் படுத்திருக்க வேண்டும். கஸ்தூரியிடம் அசையாதே என்பதா! பேனாக்கள் கிறுகிறுவென்று ஓடும் சத்தம் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். திருப்பி அனுப்பினார்கள். மறுநாளும் அதே கதை.

மூன்றாம் முறை டாக்டரம்மா கூட வந்தார். படுக்கச் சொல்லவில்லை. முதலில் இயந்திரத்தின் அருகே கூட்டிப்போய்ப் பேனாக்களைக் காட்டினார்.

"நீ தலையை ஆட்டுனா இது கிறுக்கும். ஆட்டாம இருந்தா அழகா அலை போடும். எங்க, எவ்வளவு நீளம் அலை போடுறேன்னு பாப்போம்."

கஸ்தூரி பல்லைக் கடித்துக்கொண்டு, கை விரல்களை மடக்கிக்கொண்டு, தேவையான நேரம்வரை கிடந்தாள். அவள் நெற்றியில் வியர்வை அரும்பியதைப் பார்த்தபோதுதான், சும்மா இருப்பது அவளுக்கு எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குப் புரிந்தது. எழுந்ததும் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்து, "நான் நெனச்சதெல்லாம் இதுல எழுதியிருக்கா?" என்றாள்.

வலிப்பு இல்லை என்று வந்தது. அன்று இராஜாத்தி கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் தன் அண்ணனோடு வந்திருந்தாள். டாக்டரம்மா எங்கள் மூவரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"இரத்தசோகைக்கு வைத்தியம் இருக்கு, செஞ்சுட்டோம். இன்னும் சில மாசம் மருந்து குடுக்கணும். ஆனா அவ ஓடுறது வேற விஷயம். அது பைத்தியம் இல்ல, மந்த புத்தி இல்ல. புஸ்தகத்துல மூளையில சின்னக் கோளாறுன்னு பேர் வச்சிருக்காங்க. அந்தக் கோளாறை யாரும் கண்ணால பாத்தது கிடையாது. சில பிள்ளைகளுக்குக் கவனம் ஒரு இடத்துல நிக்காது, உடம்பும் நிக்காது. பிறவியில இருந்தே அப்படி. வளர வளரக் கொஞ்சம் மட்டுப்படலாம்."

"மருந்து?" என்றேன்.

"வெளிநாட்டுல ஒண்ணு குடுக்கிறாங்கன்னு படிச்சிருக்கேன். நான் குடுத்துப் பழகினதில்ல. இரத்தமே ஊறாத பிள்ளைக்கு இப்ப அதை யோசிக்கவும் மாட்டேன்."

பிறகு வரிசையாகச் சொன்னார். காலையில் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு அனுப்பக் கூடாது. உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிட மாட்டாள் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை. பயறு, கடலை, முட்டை, கீரை, கேழ்வரகு, கிடைத்தால் ஈரல். இரும்பு மருந்தோடு டீ, காப்பி வேண்டாம். காலில் செருப்பு. நேரத்துக்குத் தூக்கம். பாடத்துக்கு முன் ஓடவிட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை சொல்ல வேண்டும்.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"இத்தனை அலைஞ்சு, இத்தனை நாள் கெடந்து, கடைசில கீரை சாப்பிடச் சொல்லவா டாக்டர்? சாப்பாட்டாலதான் சரியாகும்னு சொல்லித்தான ஒருத்தர் எம் பிள்ளையச் சாவு வரைக்கும் கொண்டுபோனாரு? இப்ப நீங்களும் சாப்பாடுங்கிறீங்க!"

டாக்டரம்மா நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அவர் சாப்பாட்டால சரியாகும்னார். நான் அப்படிச் சொல்லல. சாப்பாடு இவளை உக்கார வைக்காது. ஆனா பட்டினியும் புழுவும் தூக்கக் கேடும் இவளுக்கு இருக்கிற கஷ்டத்தை ரெண்டு மடங்காக்கும். அந்த இன்னொரு மடங்கைத்தான் நாம எடுக்க முடியும். மிச்சத்துக்கு என்கிட்ட வைத்தியம் இல்ல. இருந்தா மறைக்க மாட்டேன்."

'என்கிட்ட வைத்தியம் இல்ல' என்று சொன்ன முதல் வைத்தியர் அவர்தான். ஆனாலும் அன்றைக்கு அது எனக்கு ஆறுதலாக இல்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. இராஜாத்தி மட்டும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"கடலைய வறுத்துக் குடுக்கவா, அவிச்சுக் குடுக்கவாம்மா?" என்று கேட்டாள்.

"அப்ப உப்புப் போடலாமா?" என்றார் சங்கையா மச்சான். அவர் குரல் உடைந்திருந்தது.

புறப்படும் நாளில் முத்துப்பேச்சியின் மகன் கஸ்தூரியின் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். ஓடுகிற பிள்ளைக்கும் அசையவே கூடாத பிள்ளைக்கும் அந்த வார்டில் அப்படி ஒரு சிநேகம்.

வீட்டுக்கு வந்தபின் வேலை இராஜாத்தி கைக்குப் போனது. விடிந்ததும் கேழ்வரகுக் கூழும் ஒரு முட்டையும். பள்ளிக்கூடப் பையில் அவித்த கடலை. எங்கள் காட்டில் எது காய்ந்தாலும் முருங்கை காய்வதில்லை, அந்தக் கீரை எதிலாவது ஒன்றில் தினமும் இருக்கும். சங்கையா மச்சான் ஒரு வார்த்தை பேசாமல் ஞாயிற்றுக்கிழமைதோறும் நரிக்குடியிலிருந்து ஆட்டு ஈரல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். நான் கஸ்தூரியை என் வகுப்புக்கு மாற்றிக்கொண்டேன். மணி அடிப்பதற்கு முன் மைதானத்தை ஓடிச் சுற்றி வரவிட்டேன். "ஒருத்திக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க" என்றார் தலைமையாசிரியர். எல்லாரும் கேட்டார்கள், எல்லாரையும் ஓடவிட்டேன். அவர் என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

என்ன மாறியது? சிலேட்டுக் குச்சி தின்பது நின்றது. காரணமில்லாத அழுகை நின்றது. நன்றாகத் தூங்கினாள். தின்று தூங்கி எழுந்த நாட்களில் ஒரு பக்கம் முழுதாக எழுதினாள். மாறாதது அதைவிட அதிகம். அந்த வருஷம் வகுப்பில் தேறவில்லை. செருப்பில் ஒன்றைத் தொலைத்துவிட்டு மற்றொன்றோடு வந்தாள். வாளிகள் விழுந்துகொண்டுதான் இருந்தன. இதற்குள் ஊர், முருங்கைக்கீரையால் வாத்தியார் மகள் குணமானாள் என்று பேசத் தொடங்கிவிட்டது. நான் மறுத்து மறுத்து அலுத்துவிட்டேன். குணமாக அவளுக்கு நோய் எதுவும் மிச்சமில்லை. மிச்சம் இருப்பது அவள்தான்.

அடுத்த வருஷம் இரத்தம் பார்க்க மறுபடி மதுரைக்குப் போனோம். டாக்டரம்மாவை எங்கோ மாற்றியிருந்தார்கள். அவருக்குச் சொல்ல எத்தனையோ வைத்திருந்தேன், அதில் பாதி சண்டை. அவர் நாற்காலியில் புதிதாக ஒருவர் இருந்தார். களைத்த முகம். வெளியே வரிசை நீண்டு கிடந்தது. பழைய சீட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தபோது, கஸ்தூரி எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி இறங்கி, திரைச்சீலைக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, ஜன்னலுக்குப் போயிருந்தாள்.

"பாப்பா, இங்க வந்து உக்காரு" என்றார் டாக்டர்.

அவள் வந்தாள். உட்கார்ந்தாள். அவர் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டுவதற்குள் மறுபடி ஜன்னலில் நின்றாள். வெளியே ஆம்புலன்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் பேனாவை மேஜையில் வைத்தார். "என்ன சார், பிள்ளையை ஒரு நிமிஷம் உக்கார வைக்க மாட்டீங்களா?"

எத்தனையோ பேர் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் நான் அவள் பக்கம் திரும்பித்தான் சத்தம் போட்டிருக்கிறேன். அன்றைக்கு அவர் பக்கமே திரும்பியிருந்தேன்.

"உக்கார மாட்டா, டாக்டர். நின்னாலும் அவ நெஞ்சு அதே நெஞ்சுதான். நீங்க போயிப் பாருங்க."

அவர் என்னை முறைத்தார். நான் பார்வையை விலக்கவில்லை. இராஜாத்தி என் முழங்கையைத் தொட்டாள், ஆனால் பேசாதீர்கள் என்று சொல்லவில்லை. பிறகு டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். ஜன்னலுக்கு நடந்து போய், குனிந்து, அவள் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார்.

"என்ன பாக்குற?" என்று கேட்டார்.

"வண்டியக் குளிப்பாட்டுறாங்க" என்றாள் கஸ்தூரி. "நீங்களும் பாருங்க டாக்டர்."

அவர் பார்த்தார்.